சமாதானம் சொல்வதும் சமாதானம் ஆவதும்

"சும்மா சமாதானம் சொல்லிக்கிட்டு இருக்காதே" என்று ஒருவர் எரிந்து விழுகிறார். பக்கத்திலிருக்கும் இன்னொருவர் "சரி விடுப்பா, சமாதானமாப் போயிடலாம்" என்கிறார். முதல் வாக்கியத்தில் சமாதானம் என்றால் சாக்கு, கிட்டத்தட்ட சால்ஜாப்பு. இரண்டாவதில் அதே சொல் சண்டையை முடித்துக்கொண்டு பழையபடி பழகுவதைக் குறிக்கிறது. தமிழ் பேசிப் பழகிய யாருக்கும் இதில் குழப்பமே வராது. தமிழ் கற்றுக்கொள்ளும் வெளியாள் ஒருவருக்கு விளக்க உட்கார்ந்தால்தான் தெரியும், தப்புக்குக் காரணம் சொல்வதற்கும் பகையைத் தீர்ப்பதற்கும் எப்படி ஒரே சொல் இருக்கிறது என்று அவர் கேட்கும்போது நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சமாதானத்தை நாம் ஒரு நிலைமையாக நினைப்பதைவிட ஒரு பேச்சாகத்தான் அதிகம் நினைக்கிறோம், அதனால்தான் இந்த இரண்டு அர்த்தமும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன என்பது என் எண்ணம். கொஞ்சம் விரித்துச் சொன்னால் புரியும்.

சொல் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. சம், ஆ, தா என்று மூன்றாகப் பிரியும், 'சேர்த்து வைப்பது' என்று பொருள். சமாதியும் இதே வேரில் பிறந்தது, அது மனதைச் சேர்த்து ஓரிடத்தில் நிறுத்துவது. (கல்லறைக்குச் சமாதி என்று பெயர் வந்ததும் அந்த வழியில்தான், துறவி ஒருவர் இறந்தால் சமாதி அடைந்தார் என்போம், பிறகு அவரை வைத்த இடத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.) மேடைப் பேச்சாளர்கள் சிலர் சமாதானத்தை சமம் + தானம் என்று பிரித்து, சமமாகக் கொடுப்பதுதான் சமாதானம் என்று கைத்தட்டல் வாங்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. கொடுக்கிற தானத்தில் இருக்கும் 'தா' வேறு, வைப்பதைக் குறிக்கும் 'தா' வேறு. சமஸ்கிருதத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, தமிழில் இரண்டையும் ஒரே 'த' போட்டு எழுதுவதால் வேறுபாடு மறைந்து போகிறது. சாம, தான, பேத, தண்டம் என்ற நான்கு உபாயங்களில் முதல் இரண்டையும் ஒட்டினால் சமாதானம் வந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் இல்லை.

பிரிந்து கிடப்பதை, சிதறி நிற்பதை எடுத்துச் சேர்த்து வைப்பது என்பதுதான் அடிப்படை. எதைச் சேர்த்து வைக்கிறோம் என்பதில்தான் அர்த்தங்கள் கிளை பிரிகின்றன. அத்வைத வேதாந்தத்தில் சாதகனுக்கு வேண்டிய ஆறு குணங்களைச் சொல்லும்போது சமாதானமும் ஒன்றாக வரும், அங்கே அது அலைகிற சித்தம் ஒரு நிலையில் நிற்பது. தர்க்கத்தில் வேறு. ஒருவர் ஒரு கொள்கையைச் சொல்வார், எதிராளி அதில் ஓட்டை காட்டுவார், அந்த ஓட்டையை அடைக்கச் சொல்கிற பதிலுக்குப் பெயர் சமாதானம். ஆட்சேபம் – சமாதானம், சங்கை – சமாதானம் என்று இணை இணையாக வரும். பழைய சமய வாதங்களில் இந்த அமைப்பு சர்வ சாதாரணம். 'அங்ஙனமாயின் இது எவ்வாறு பொருந்தும்' என்று ஒரு கேள்வியை ஆசிரியரே எழுப்பி, அதற்குச் சமாதானமும் அவரே சொல்லிக்கொண்டு போவார். ஆக, சமாதானம் சொல்வது என்பது ஒரு காலத்தில் மரியாதையான வேலை. கேள்வி கேட்டவர் வாயடைக்கும்படி நியாயமான பதில் தருவது. பதிலில் நியாயம் தேய்ந்து வெறும் மழுப்பலாகிவிட்ட இடங்களில்தான் 'என்ன சமாதானம் சொல்றே?' என்ற இன்றைய எரிச்சல் அதில் வந்து சேர்ந்திருக்கிறது.

பக்கத்து மொழிகளைப் பார்த்தால் இந்தக் கிளைகள் இன்னும் தெளிவாகத் தெரியும். தெலுங்கில் சமாதானம் என்றால் பதில், பரீட்சையில் கேள்விக்கு எழுதுவதுகூட சமாதானம்தான். இந்தியில் சமாதான் என்றால் தீர்வு, பிரச்சினைக்கு வழி. மராத்தியில் அது திருப்தி. கன்னடத்தில் ஆறுதல், பதறாமல் இரு என்று தேற்றுவதற்கு 'சமாதான மாடிக்கோ' என்பார்கள். மலையாளத்தில் உலக சமாதானம், நோபல் சமாதானப் பரிசு என்று அமைதிக்கே உரிய சொல்லாக உட்கார்ந்துவிட்டது. தமிழ் இதில் எதையும் விடவில்லை. பதில், சாக்கு, ஆறுதல், இணக்கம், யுத்தமின்மை எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்துக்கொண்டு, எது எப்போது என்று காட்டுகிற பொறுப்பை வினைச்சொல்லிடம் ஒப்படைத்துவிட்டது. சமாதானத்துக்கு அகராதியில் பொருள் தேடுவதைவிட அதற்குப் பின்னால் வருகிற வினையைக் கவனிப்பது மேல்.

ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். பாகம் பிரித்த பிறகு பொதுக்கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை என்பதில் அண்ணன் தம்பிக்குள் தகராறு. தாய்மாமன் நடுவில் வருகிறார். தம்பி சொல்கிறான்: "மாமா, நீங்க சொன்னா நான் கட்டுப்படுறேன். ஆனா அண்ணன் சொல்ற சமாதானத்தை மட்டும் எங்கிட்ட கொண்டு வராதீங்க." மாமா சொல்கிறார்: "அவன் என்ன சமாதானம் வேணா சொல்லிட்டுப் போறான். நீ ஒரு சமாதானத்துக்கு வாடா." இரண்டு பேர் பேசிய நாலைந்து வாக்கியங்களில் மூன்று சமாதானம். முதல் இரண்டும் சொல்லப்படுபவை, அதனால் சாக்கு. மூன்றாவது வரவேண்டிய இடம், அதனால் இணக்கம். 'சமாதானத்துக்கு வா' என்பதைக் கவனித்தீர்களா? இருக்கும் இடத்தை விட்டு நகரச் சொல்கிறார் மாமா. 'இறங்கி வா', 'வழிக்கு வா', 'ஒத்து வா' எல்லாம் இதே சாதி. யாராவது ஒருவர் தன் இடத்தை விட்டு ஓரடியாவது எடுத்து வைக்காமல் காரியம் நடக்காது என்கிற ஊர் அனுபவம் இந்த 'வா'வுக்குள் இருக்கிறது.

'சமாதானம் பேசு' என்றால் நடுவில் நிற்பவர் செய்வது, அல்லது ஒரு தரப்பு மறுதரப்பிடம் தூது விடுவது. பேசினாலே சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. 'மூணு தடவை சமாதானம் பேசியும் படியல' என்று தாராளமாகச் சொல்லலாம். 'சமாதானம் பண்ணி வை' மூன்றாம் ஆளின் வேலைதான், ஆனால் காரியம் முடிந்துவிட்டது. 'சமாதானம் ஆகு' சண்டை போட்டவர்களுடையது, இருவரும் சேர்ந்து ஆக வேண்டும், ஒருவர் மட்டும் ஆக முடியாது. 'அவன் சமாதானம் ஆயிட்டான்' என்று ஒருமையில் சொன்னால் உடனே அர்த்தம் மாறி, கோபம் தணிந்தது, அழுகை நின்றது என்றாகிவிடும். 'சமாதானமாகப் போ' என்பது கொஞ்சம் சிக்கலானது, வெளியே இணக்கம் போலத் தெரிந்தாலும் உள்ளே 'விட்டுக்கொடுத்துத் தொலை' என்கிற தொனி உண்டு. வழக்கு கொடுக்கப் போனவரிடம் போலீஸ் ஸ்டேஷனில் "பேசி சமாதானமாப் போயிடுங்க" என்று சொல்லப்படுவதைக் கேட்டவர்களுக்கு இந்தத் தொனி நன்றாகத் தெரியும். கேட்பதற்கு அறிவுரை, உள்ளே இருப்பது 'உன் புகாரை எடுத்துக்கொண்டு போ'.

அப்புறம் 'சமாதானப்படுத்து'. எனக்கு இதில்தான் கொஞ்சம் சந்தேகம் எப்போதும். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறோம், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தவரைச் சமாதானப்படுத்துகிறோம், அதுவரை சரி. படுத்துகிறவர் ஒருவர், படுபவர் ஒருவர். படுபவர் சொன்னதில் நியாயம் இருந்ததா, அவர் கேட்டது கிடைத்ததா என்பது பற்றி அந்த வினை ஒன்றும் பேசாது, சத்தம் நின்றதா என்று மட்டும்தான் பார்க்கும். 'வேலைநிறுத்தம் செய்த ஊழியர்களை அதிகாரிகள் சமாதானப்படுத்தினர்', 'சாலை மறியலில் ஈடுபட்ட பெண்களைப் போலீசார் சமாதானப்படுத்திக் கலைந்து போகச் செய்தனர்' என்று செய்தித்தாளில் படிக்கும்போது, குடிநீர் வந்ததா இல்லையா என்று கடைசி வரி வரை தேடினாலும் இருக்காது. அந்த வினைக்கு அது தேவைப்படவில்லை.

பேச்சுதான் மையம் என்று சொன்னேன் அல்லவா, பகையை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். 'ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.' அவ்வளவுதான். வெறுக்கிறார்கள், கோபமாக இருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த படிகள் உண்டு: நல்லது கெட்டதுக்குப் போவதில்லை, அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. ஆனால் முதல் அளவுகோல் பேச்சு. அதே பேச்சுவார்த்தைதான் அரசாங்கங்கள் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து நடத்துவதற்கும் பெயர். சிறுபிள்ளைகள்கூட சண்டை வந்தால் 'காய்' விடுகிறார்கள், அதற்கு முழு அர்த்தம் 'இனி உன்னோடு பேச மாட்டேன்'. திரும்பச் சேரும்போது 'பழம்' விடுகிறார்கள். காய் பழமாவதற்கு இடையில் எத்தனை நாள் ஆகும் என்பது அவரவர் ரோஷத்தைப் பொறுத்தது. பெரியவர்களிடம் இந்த வசதி இல்லை. பேசாமல் இருந்து பழகிப்போன சொந்தங்கள் ஒரு சாவு வீட்டில்தான் வாயைத் திறக்கின்றன, அங்கே யார் முதலில் பேசியது என்று எவரும் கணக்கு வைப்பதில்லை என்பது அந்த இடத்தின் பெரிய சௌகரியம்.

சங்கப் பாடல்களில் சமாதானம் என்ற சொல் கிடையாது. காரியம் உண்டு. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் புறநானூற்றின் 45ஆவது பாட்டு. சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு வெளியே நிற்கிறான், அதே குடியைச் சேர்ந்த நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். கோவூர்கிழார் என்ற புலவர் பாடுகிறார். பாட்டில் போர் வேண்டாம் என்ற வார்த்தை இல்லை, நீதி போதனை இல்லை. உன்னோடு சண்டை போடுகிறவன் பனந்தோடு சூடியவன் அல்லன், அதாவது சேரன் இல்லை. வேப்பந்தார் சூடியவன் அல்லன், பாண்டியன் இல்லை. உன் தலையிலும் ஆத்தி மாலை, அவன் தலையிலும் ஆத்தி மாலை. 'ஒருவீர் தோற்பினும், தோற்ப நும் குடியே. இருவீர் வேறல் இயற்கையும் அன்றே.' ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்கிற கதையும் இல்லை. கடைசியில், உங்களைப் போன்ற மற்ற வேந்தர்களுக்கு இந்தச் சண்டை உடம்பு பூரிக்கும் சந்தோஷத்தைத் தரும் என்று ஒரு குத்து. புலவர் இருவர் தலையிலுமுள்ள பூவை மட்டும் காட்டுகிறார், கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். எந்த ஊர்ப் பெரியவரும் பங்காளிச் சண்டையில் இன்றும் கையில் எடுக்கிற வாதம் இதுதான், 'வெளியாள் சிரிப்பான்'.

கோவூர்கிழார் செய்ததைச் 'சந்து செய்வித்தார்' என்று பள்ளிப் பாடங்களில் படித்திருப்போம். சந்து, சந்தி இரண்டுக்கும் சேர்க்கை என்றுதான் பொருள், இலக்கணத்தில் இரண்டு சொற்கள் சேரும் இடமும் சந்தி, நாலு தெரு கூடும் இடமும் சந்தி. பிறகு சந்து குறுகிய தெருவாகச் சுருங்கிப்போனது, சமாதானத்துக்கு அந்தச் சொல்லை இன்று பயன்படுத்தினால் யாருக்கும் புரியாது.

கிறிஸ்தவத் தமிழில் சமாதானம் இன்னொரு பெரிய வாழ்வு வாழ்ந்தது. 1871இல் வந்த பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் மலைப்பிரசங்கத்து வசனம் இப்படி இருக்கும்: 'சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தேவனுடைய புத்திரர் என்னப்படுவார்கள்.' 1995இல் வெளியான திருவிவிலியத்தில் அதே இடம் 'அமைதி ஏற்படுத்துவோர் பேறுபெற்றோர்' என்று மாறியிருக்கிறது. நடை நவீனமாகிவிட்டது, உண்மை. ஆனால் மூல கிரேக்கத்தில் இருப்பது சமாதானத்தைச் செய்கிறவர்கள் என்ற பொருள் தரும் ஒரு கூட்டுச்சொல், செயலில் இறங்கிக் கையை அழுக்காக்கிக்கொள்கிற ஆட்களைப் பற்றியது. 'சமாதானம்பண்ணுகிறவர்கள்' என்றதும் தமிழ்க் காதுக்கு இரண்டு பேருக்கு நடுவே போய் நிற்கிற ஒரு மனிதர் தெரிகிறார், அந்தக் கிணற்றடித் தாய்மாமனைப் போல. 'அமைதி ஏற்படுத்துவோர்' என்றால் எனக்கு நூலகத்தில் 'உஷ்' சொல்கிறவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். மொழிபெயர்ப்பாளர்கள் கோபிக்க வேண்டாம்.

அதே வேதாகமத்தில் இன்னொரு சொல்லும் உண்டு, ஒப்புரவு. காணிக்கை செலுத்தும் முன் 'உன் சகோதரனோடே ஒப்புரவாகி' வரச் சொல்கிறது, கடவுளோடு மனிதர் மறுபடி சேர்வதும் ஒப்புரவாகுதல். கத்தோலிக்கர்களிடம் பாவமன்னிப்புச் சடங்குக்கே ஒப்புரவு அருட்சாதனம் என்று பெயர். குறள் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும், அங்கே 22ஆவது அதிகாரம் 'ஒப்புரவறிதல்', ஊருணி நீர் நிறைவது போல செல்வம் பிறருக்குப் பயன்படுவதைப் பற்றியது, பகை தீர்வதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஊரோடு ஒத்து, உலகத்துக்கு உதவி வாழ்வது என்ற பழைய பொருளிலிருந்து 'ஒத்துப்போவது' என்ற இழையை மட்டும் உருவி எடுத்து மிஷனரித் தமிழ் இன்னொரு துணி நெய்துகொண்டது. தேவாலயத்துக்கு வெளியே ஒப்புரவு இந்தப் பொருளில் அதிகம் நடமாடவில்லை. சமாதானம் நடமாடியது. 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பதற்குத் தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் பொருளிலும் 'சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக' என்று அது ஜோடி போட்டுக்கொண்டு வருகிறது. சாந்தி உள்ளுக்குள், சமாதானம் பிறரோடு என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

தமிழ்நாட்டில் அமைதி என்ற சொல் மேலேறியதற்குத் தனித்தமிழ்ப் பற்று ஒரு முக்கியக் காரணம். சமாதானம் வடசொல், அமைதி நம் சொல். நல்ல சொல்தான், அமைவது, பொருந்துவது என்ற அழகான வேர். ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. வகுப்பில் அமைதி நிலவலாம், சுடுகாட்டில் அமைதி நிலவலாம், ஊரடங்கு போட்ட தெருவில் மயான அமைதி நிலவலாம். அங்கெல்லாம் சமாதானம் நிலவுகிறது என்று சொல்லிப் பாருங்கள், வாக்கியம் நொண்டும். அமைதிக்கு ஒரு ஆள் போதும், ஆளே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. சமாதானத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்குள் முன்பு ஏதோ நடந்திருக்கவும் வேண்டும்.

இலங்கைத் தமிழில் இன்றும் சமாதானம்தான் பொதுச்சொல். நோபல் பரிசு அங்கே சமாதானத்துக்கான நோபல் பரிசு, இங்கே அமைதிக்கான நோபல் பரிசு. கையெழுத்தைச் சான்றுபடுத்தித் தருகிறவர் அங்கே சமாதான நீதவான், பெயர்ப்பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும். 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவிலிருந்து போன ராணுவத்துக்குத் தமிழில் கிடைத்த பெயர் அமைதிப்படை, அமைதி காக்கும் படை. சமாதானப்படை என்ற பெயர் நிலைக்கவில்லை. தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் பொருத்தம்தான், படையை அனுப்பி அமைதியைக் காக்கலாம் என்று ஒரு நம்பிக்கையாவது வைக்க முடியும், சமாதானத்தைச் சம்பந்தப்பட்டவர்கள்தான் ஆக வேண்டும். 1995இல் கொழும்பு அரசு தன் ராணுவ நடவடிக்கையைச் 'சமாதானத்துக்கான யுத்தம்' என்று அழைத்தபோது அந்தச் சொல்லுக்கு நேர்ந்தது வேறு கதை. 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகு வந்த சில ஆண்டுகளை அங்குள்ளவர்கள் இன்றும் 'சமாதான காலம்' என்கிறார்கள். ஒரு பருவத்தின் பெயரைப் போல, 'சமாதான காலத்தில ஊருக்குப் போய் வந்தனாங்கள்' என்று. சமாதானம் வந்த காலம் என்று அதற்கு அர்த்தமில்லை, பேசிக்கொண்டிருந்த காலம், பாதை திறந்திருந்த காலம். இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடுவே நார்வே செய்த வேலைக்கு அப்போது பத்திரிகைகள் தேர்ந்தெடுத்த சொல் 'அனுசரணை'. மத்தியஸ்தம் என்றால் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்கிற வாடை வருகிறது, அனுசரணை என்றால் கூட இருந்து உதவுவது மட்டும். இந்த நுட்பத்தை ஈழத்துப் பத்திரிகைத் தமிழ் கவனமாகக் காப்பாற்றியது.

நீதிமன்றப் பக்கம் போனால் சமரசம் ஆட்சி செய்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் 2005 ஏப்ரல் 9 அன்று தொடங்கியது, நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையங்களில் இந்தியாவிலேயே முன்னோடி. மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) பற்றி ஒரு விஷயத்தை வழக்காடுகிறவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது: மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதி வாங்கிய முடிவின் மேல் மேல்முறையீடு கிடையாது. சமாதானமாகிவிட்டோம் என்று கையெழுத்துப் போட்ட பிறகு 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்று திரும்பி வருவது மகா கஷ்டம்.

எல்லாவற்றிலும் சமரசம் ஆக முடியாது என்பதும் சட்டம்தான். எந்தெந்தக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் ஒத்துக்கொண்டால் வழக்கை முடிக்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359. பட்டியலில் இல்லாததை ஊர்ப் பெரியவர்கள் கூடி முடித்து வைத்தால் அதற்குப் பெயர் சமாதானம் இல்லை. 2015இல் பாலியல் வல்லுறவு வழக்கொன்றில் தண்டனை பெற்றவருக்குப் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச வாய்ப்பளித்து சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது, நாடு முழுக்கக் கண்டனம். சில நாட்களில் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய குற்றங்களில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கறாராகச் சொல்ல, சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. சமாதானப்படுத்து என்ற வினை மேல் எனக்குள்ள சந்தேகம் சும்மா வந்ததில்லை.

சமரசம் என்ற சொல்லின் சரிவும் பார்க்க வேண்டியது. தாயுமானவர் 'வேதாந்த சித்தாந்த சமரச நன்னிலை' என்று பாடும்போது அது மிக உயர்ந்த இடம். வள்ளலார் 1865இல் நிறுவிய சங்கத்தின் பெயரிலேயே சமரசம் முதலில் நிற்கிறது. இன்று அரசியல் மேடையில் 'சமரசம் செய்துகொண்டார்' என்றால் விலை போய்விட்டார் என்று பொருள், 'சமரசமற்ற போராளி' என்பது பாராட்டு. இப்படியொரு வீழ்ச்சி! சமாதானம் இந்த அளவுக்குக் கெடவில்லை, அதற்குக் காரணம் அரசியல்வாதிகளைவிடப் பாட்டிகள் அதை அதிகம் பயன்படுத்தியது என்று வைத்துக்கொள்ளலாம்.

ராசி என்ற சொல்லையும் விடக்கூடாது. 'ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க' என்பதில் உள்ள ராசிக்கும் மேஷம் ரிஷபத்துக்கும் சம்பந்தமில்லை. அது அரபியில் 'ஒப்புக்கொண்டவர்' என்று பொருள்படும் ராஸி, பாரசீகம் வழியாகக் கச்சேரிகளுக்கு, அதாவது அந்தக் கால நீதிமன்றங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும், வந்தது. வழக்கில் ராஜியாகிவிட்டோம் என்று எழுதிக்கொடுக்கும் காகிதம்தான் ராஜிநாமா, உருதுவில் இன்னும் அந்தப் பொருள் உண்டு. பம்பாய் மாகாணத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் பத்திரத்துக்கும் அதுவே பெயரானது. நம் ஊரில் அது ஆபீசை விட்டுக்கொடுக்கும் கடிதமாகிவிட்டது, ராஜினாமா. மேலதிகாரியோடு ராசியாக முடியாதவர் கொடுக்கிற காகிதத்துக்கு இப்படியொரு பூர்வீகம்.

கடைசியாக 'கொள்' என்ற துணைவினை. 'சமாதானம் செய்துகொண்டார்கள்' என்றால் இருவருக்கும் நடுவில் நடந்தது. 'சமாதானப்படுத்திக்கொண்டாள்' என்றால் அவளே அவளை. எதிரில் ஆள் இல்லை, இறந்துபோயிருக்கலாம், மன்னிப்புக் கேட்காமலே போயிருக்கலாம், வேலை கிடைக்காமல் போனதாகவோ வீடு கைவிட்டுப் போனதாகவோ இருந்தால் எதிராளி என்றே யாரும் இல்லை. அப்போது பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒருவரே. 'எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன்' என்பது இந்த இடத்தில் எல்லோரும் சொல்கிற வாக்கியம். அதில் வருவது சாக்கா, ஆறுதலா? சொல்கிறவருக்கே தெரிவதில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை. மனசு 'அப்படியானால் இது எவ்வாறு பொருந்தும்' என்று தர்க்க நூல்களின் எதிராளியைப் போலக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஏதோ ஒரு பதிலைக் கொடுத்து அதைத் தூங்க வைக்க வேண்டியிருக்கிறது, பதில் சரியாக இருந்தால் ரொம்ப நாளைக்குத் தூங்கும், இல்லாவிட்டால் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மறுபடி முதலிலிருந்து கேட்கும்.